நாவல் பிடிஎஃப் சேனலுக்கு வக்கீல் நோட்டீஸ் – தண்டனை எதுவரை போகும்?

காகிதக்கப்பல் கேட்டது:

வணக்கம். டெலிகிராமில் தமிழ் நாவல்களையும் சிறுகதைத் தொகுப்புகளையும் பிடிஎஃப்பாகப் போடும் ஒரு சேனல். உறுப்பினர்கள் 4,200 பேர். கட்டணம் கிடையாது, "ஸ்கேன் செலவுக்கு உதவ விரும்புவோர்" என்று ஒரு யுபிஐ ஐடி மட்டும் மேலே பின் செய்யப்பட்டிருக்கிறது. சென்னைப் பதிப்பகம் ஒன்றின் வழக்கறிஞர் அட்மினுக்குப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 38 நூல்களின் பட்டியல் இணைப்பு. 7 நாட்களில் எல்லாவற்றையும் நீக்க வேண்டும், 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு தர வேண்டும், எழுத்துமூலம் மன்னிப்புக் கேட்க வேண்டும். தவறினால் பதிப்புரிமைச் சட்டம் 63, 65-ஏ பிரிவுகளில் புகாரும் சிவில் வழக்கும் தொடுக்கப்படும் என்கிறது நோட்டீஸ்.

தெரிய வேண்டியவை:

1. காசு வாங்காமல் பகிர்ந்ததற்கும் சிறை உண்டா?
2. 10 லட்சம் என்ற தொகைக்குச் சட்டத்தில் அடிப்படை இருக்கிறதா?
3. சேனலையே டெலீட் செய்துவிட்டால் விஷயம் முடிந்துவிடுமா?
4. பட்டியலில் உள்ள நாலைந்து நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. சில பிடிஎஃப்கள் கிண்டிலில் இருந்து எடுத்தவை. இதனால் ஏதாவது மாறுமா?

கோர்ட் வராண்டா:

சிவில் வேறு, கிரிமினல் வேறு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே சமயத்தில் ஓடலாம். ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று இல்லை.

கிரிமினல் பக்கம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, "தெரிந்தே" உரிமையை மீறுபவருக்கும் அதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் 6 மாதத்துக்குக் குறையாத, 3 ஆண்டு வரையிலான சிறை விதிக்கிறது. கூடவே 50,000 ரூபாய்க்குக் குறையாமல் 2 லட்சம் வரை அபராதம். சிறை அல்லது அபராதம் அல்ல, சிறையும் அபராதமும். ஒருமுறை தண்டிக்கப்பட்டவர் மறுபடி செய்தால் 63-ஏ: குறைந்தபட்சம் 1 ஆண்டு, 1 லட்சம், மேல்வரம்பு அதே 3 ஆண்டு, 2 லட்சம்.

இலவசமாகக் கொடுத்தேன் என்பது விடுதலைக்கு வழி ஆகாது. வியாபார லாபத்துக்காகச் செய்யாத மீறல் என்றால் தீர்ப்பிலேயே தகுந்த சிறப்புக் காரணங்களை எழுதிவிட்டு, அந்தக் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே தண்டனை கொடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சலுகை அவ்வளவுதான். அந்தச் சலுகையைக் கெடுப்பது நீங்கள் சொன்ன யுபிஐ ஐடி. உள்ளே வந்தது 3,000 ரூபாயாக இருந்தாலும், "பணம் வாங்கினார்" என்று எதிர்த்தரப்பு காட்ட அது போதும். வங்கிக் கணக்கு விவரம் விசாரணையில் எப்படியும் வந்துவிடும். அந்த யுபிஐ ஐடியை இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆனால் அதற்கு முன் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளட்டும். சாட்சியத்தை அழித்தார் என்று பின்னால் சொல்ல இடம் கொடுக்கக் கூடாது.

63ஆம் பிரிவுக் குற்றத்துக்குப் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாமா, ஜாமீனில் விடக்கூடியதா என்பதில் உயர் நீதிமன்றங்களுக்கிடையே நெடுநாள் குழப்பம் இருந்தது. நிட் ப்ரோ வழக்கில் 2022 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் அதைத் தீர்த்தது: போலீஸ் பிடியாணை இல்லாமல் நடவடிக்கை எடுக்கக்கூடியது, ஜாமீனில் விட முடியாதது. ஜாமீனே கிடைக்காது என்று இதற்குப் பொருள் இல்லை. ஸ்டேஷனிலேயே உரிமையாகக் கேட்டு வாங்க முடியாது, நீதிமன்றம்தான் தர வேண்டும் என்று பொருள். 7 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது அவசியமில்லை என்றால், பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (சிஆர்பிசிக்குப் பதிலாக வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 35(3)இன்படி ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் தருவதே முறை. அந்த நோட்டீஸுக்கு ஆஜராகாமல் இருப்பதுதான் கைதை வரவழைக்கும். புகார் கொடுக்கப்போகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் அதே சட்டத்தின் 482ஆம் பிரிவில் முன்ஜாமீன் மனு போடலாம். எண்ணைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பழைய சிஆர்பிசியில் 482 என்பது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்பது, இப்போது அது 528.

சப்-இன்ஸ்பெக்டர் தகுதிக்குக் குறையாத அதிகாரி, வாரண்ட் இல்லாமலேயே பிரதிகளையும் அவற்றைத் தயாரிக்கும் கருவிகளையும் கைப்பற்ற 64ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஸ்கேனர், லேப்டாப் எல்லாம் இதில் வரலாம். எடுத்துக்கொண்டு போனால் 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட்டிடம் திருப்பிக் கேட்டு மனு போட வேண்டும். இந்தக் கெடுவைப் பலர் கவனிப்பதே இல்லை.

சிவில் பக்கம். 55ஆம் பிரிவின்படி தடையுத்தரவு, நஷ்டஈடு, ஈட்டிய லாபத்துக்குக் கணக்கு ஆகியவற்றைக் கேட்கலாம். அமெரிக்காவில் ஒரு படைப்புக்கு 750 டாலரில் தொடங்கி 30,000 வரை, வேண்டுமென்றே செய்திருந்தால் 1,50,000 டாலர் வரை என்று சட்டத்திலேயே நிர்ணயித்த தொகை உண்டு. நம் சட்டத்தில் அப்படி ஒரு பட்டியல் இல்லை. எனவே 10 லட்சம் என்பது கோரிக்கை. நஷ்டத்தை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். 300 ரூபாய்ப் புத்தகத்தை 4,000 பேர் டவுன்லோட் செய்தார்கள், ஆகவே 12 லட்சம் நஷ்டம் என்ற பெருக்கல் நீதிமன்றத்தில் அப்படியே நிற்காது. இறக்கிய அத்தனை பேரும் வாங்கியிருப்பார்கள் என்று காட்ட முடியாது. அதற்காகத் தொகை பூஜ்யமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நியாயமான உரிமத் தொகை என்னவாக இருந்திருக்கும் என்ற கணக்கு வரும், வழக்குச் செலவும் சேரும்.

அச்சுக்கூடம்:

மேலே சொன்னதோடு உரிமை யாருடையது என்ற கேள்வியையும் சேர்க்க வேண்டும். 38 நூல்களுக்கும் ஒரே பதில் கிடையாது. ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட்டிருக்க வேண்டும் (19ஆம் பிரிவு). தமிழ்ப் பதிப்புத் துறையில் வாய்ப்பேச்சோடு அச்சுக்குப் போன நூல்கள் ஏராளம். ஒப்பந்தம் இருந்தாலும் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டுதான். உரிமையைப் பெற்ற பதிப்பகம் 1 ஆண்டுக்குள் அதைப் பயன்படுத்தவில்லை என்றால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை, அது காலாவதி. 2012 திருத்தத்துக்குப் பிறகு இன்னொன்றும் உண்டு: ஒப்பந்தம் போட்டபோது வழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கு, அதன் பெயரைத் தனியாகக் குறிப்பிடாவிட்டால், உரிமை போகாது. மின்னூல் உரிமை யாரிடம் இருக்கிறது என்ற கேள்வி பல நூல்களில் எழும்.

இதைத் தப்பிக்கும் ஓட்டை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பதிப்பகத்திடம் உரிமை இல்லை என்றால் எழுத்தாளரிடமோ வாரிசுகளிடமோ இருக்கிறது. சேனலிடம் ஒருபோதும் இல்லை. புத்தகத்தில் ஆசிரியர், பதிப்பாளர் பெயர் அச்சிடப்பட்டிருந்தால், மாறாக நிரூபிக்கும்வரை அவர்களே உரியவர்கள் என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். பதிப்புரிமையைப் பதிவு செய்யவில்லையே என்று வாதாடுவதிலும் பயன் இல்லை. பதிவு கட்டாயமே அல்ல. உரிமையாளர் யார் என்று பார்ப்பதன் பயன் சமரசத்தில்தான் தெரியும். பதிப்பகத்துக்குப் பணம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிய பிறகு அதே நூலுக்கு எழுத்தாளர் தனியாக நோட்டீஸ் அனுப்பினால், முதல் ஒப்பந்தம் அவரைக் கட்டுப்படுத்தாது. அதனால் பதில் நோட்டீஸில் 38 நூல்களுக்கும் உரிமை ஆவணத்தின் நகலைக் கேளுங்கள். நியாயமான கேள்வி அது, கொடுக்க முடிந்தவர்கள் கொடுப்பார்கள்.

நாட்டுடைமை நூல்களைப் பொறுத்தவரை, மூலப் பனுவலை யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆயுட்காலமும் அதற்குப் பின் 60 ஆண்டும் கடந்த நூல்களும் அப்படியே. கணக்கு இறந்த நாளிலிருந்து ஓடாது, அடுத்த ஜனவரி 1இல் இருந்து ஓடும்: 1964இல் எந்த மாதம் காலமாகியிருந்தாலும் உரிமை 2024 டிசம்பர் 31 வரை. ஆசிரியர் காலமான பின் முதன்முதலாக வெளிவந்த படைப்புக்கு, வெளிவந்த ஆண்டை வைத்து 60 ஆண்டு.

ஆனால் ஸ்கேன் செய்தது எந்தப் பதிப்பை என்று பாருங்கள். புதிய பதிப்பில் முன்னுரை வேறொருவருடையது. அடிக்குறிப்பு பதிப்பாசிரியருடையது. அட்டை ஓவியம் ஓவியருடையது. மொழிபெயர்ப்பு நூல் என்றால் மூலம் பொதுச்சொத்தாக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை. பக்க வடிவமைப்புக்கு மட்டும் என்று இங்கிலாந்தில் இருப்பது போன்ற உரிமை நம் சட்டத்தில் இல்லை; ஆகவே மூலப் பனுவலைத் தட்டச்சு செய்து போட்டால் சிக்கல் இல்லை, முழுப் புத்தகத்தையும் அட்டையிலிருந்து அட்டைவரை ஸ்கேன் செய்து போட்டால் சிக்கல்.

கிண்டில் விஷயம்தான் இந்தப் பட்டியலில் மோசமானது. நகலெடுப்பதைத் தடுக்கும் மின்னணுப் பூட்டை உடைத்து எடுத்த கோப்பு என்றால் 65-ஏ தனிக் குற்றம், 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும். ஸ்கேன் செய்த பிரதிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது. எனவே 38இல் எவை ஸ்கேன், எவை கிண்டில் என்று அட்மின் தன் வழக்கறிஞரிடம் உள்ளது உள்ளபடி சொல்லிவிட வேண்டும். பூட்டை உடைத்தவர் வேறொருவர், சேனலுக்குக் கோப்பாக வந்தது என்றால் 65-ஏவுக்குப் பதில் வேறு. 63க்கு அது உதவாது.

ரூட்டர் ரங்கன்:

மூன்றாவது கேள்விக்கு: டெலீட் செய்யக் கூடாது. கோப்புகளை நீக்க வேண்டும், சேனலை அல்ல.

நோட்டீஸ் கைக்கு வந்த பிறகு சேனலையே அழித்தால் சாட்சியத்தை அழித்ததாகச் சொல்ல இடம் கொடுக்கிறீர்கள். நீதிமன்றத்தில் காட்ட வேண்டிவரும் மின்னணு ஆவணத்தை அழிப்பது பாரதிய நியாய சன்ஹிதா (ஐபிசிக்குப் பதிலாக வந்த தண்டனைச் சட்டம்) 241இன் கீழ் தனிக் குற்றம், 3 ஆண்டு வரை. செய்ய வேண்டிய வரிசை இது: டெஸ்க்டாப் செயலியில் சேனல் வரலாற்றை எக்ஸ்போர்ட் செய்யுங்கள், கோப்புகளை விட்டுவிட்டுச் செய்திகளும் தேதிகளும் மட்டும் போதும். உறுப்பினர் எண்ணிக்கை, ஒவ்வொரு பதிவின் பார்வை எண்ணிக்கை தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட். பிறகு 38 நூல்களின் பதிவுகளை நீக்குங்கள். சேனலை பிரைவேட்டாக மாற்றிவிட்டு கோப்புகளை உள்ளேயே வைத்திருப்பது நீக்கம் ஆகாது. கூகுள் டிரைவ் இணைப்பு கொடுத்திருந்தால் அதன் பகிர்வையும் நிறுத்த வேண்டும். இதை மறந்து, நீக்கிவிட்டேன் என்று பதில் எழுதி மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. கோப்பு அனுப்பும் பாட் இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

பெயர் தெரியாத சேனல் என்ற தைரியமும் வேண்டாம். நீட்டு சிங் வழக்கில் 2022 ஆகஸ்ட் 30 அன்று டெல்லி உயர் நீதிமன்றம், பாடப் பொருட்களைத் திருட்டுத்தனமாகப் பகிர்ந்த சேனல்களை நடத்தியவர்களின் விவரங்களை, மொபைல் எண், ஐபி முகவரி உட்பட, மூடிய உறையில் தரும்படி டெலிகிராமுக்கு உத்தரவிட்டது. சர்வர் சிங்கப்பூரில் இருக்கிறது, அந்நாட்டுத் தனியுரிமைச் சட்டம் தடுக்கிறது என்ற வாதம் எடுபடவில்லை. டெலிகிராம் விவரங்களைக் கொடுத்தது.

காகிதக்கப்பல்:

மிக்க நன்றி. இரண்டு விவரம் சேர்க்க வேண்டும். சேனலோடு ஒரு டிஸ்கஷன் குரூப்பும் இருக்கிறது. பட்டியலில் 6 நூல்கள் அந்தக் குரூப்பில் உறுப்பினர்கள் போட்டவை. அதற்கும் அட்மின் பொறுப்பா? இன்னொன்று, குண்டர் சட்டம்கூடப் போடுவார்கள் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அட்மின் இருப்பது திருநெல்வேலியில். வழக்கு எங்கே வரும்?

கோர்ட் வராண்டா:

குண்டர் சட்டப் பயத்தை முதலில் எடுத்துவிடலாம். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2004இல் "வீடியோ திருடர்" என்ற வகையைச் சேர்த்தார்கள். விசாரணையின்றி 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்த வரையறை திரைப்படத்தையும் அதன் ஒலித்தடத்தையும் சார்ந்த பதிப்புரிமை மீறலுக்கானது. நாவல் பிடிஎஃப் அதற்குள் வராது. அதேபோல் 3 லட்சத்தில் தொடங்கித் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை அபராதம் என்று இணையத்தில் சுற்றுவது, தியேட்டரில் படம் பிடிப்பதற்கு 2023 திரைப்படச் சட்டத் திருத்தம் வைத்த தண்டனை. அதுவும் இங்கே பொருந்தாது.

குரூப் விஷயத்தில் வேறுபாடு இருக்கிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சேனலில் அட்மின் மட்டுமே பதிவிட முடியும். அங்கே வந்த ஒவ்வொரு கோப்பும் அவர் வெளியிட்டதுதான். குரூப்பில் அப்படி இல்லை. வெறுமனே அட்மினாக மட்டும் இருந்தார், வேறு பங்கு இல்லை என்றால் குற்றப்பத்திரிகையிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்று மதுரைக் கிளை 2021 டிசம்பரில் ஒரு வாட்ஸ்அப் குரூப் வழக்கில் சொல்லியிருக்கிறது. அது பதிப்புரிமை வழக்கு அல்ல, ஆனாலும் வாதத்துக்கு உதவும். "நூல் கேட்பவர்கள் இங்கே கேளுங்கள், உள்ளவர்கள் போடுங்கள்" என்று அட்மினே எழுதியிருந்தால் உதவாது, அது உடந்தை. இப்போது நோட்டீஸ் வந்துவிட்டது. இனி அந்த 6 கோப்புகளும் அங்கே கிடக்கும் ஒவ்வொரு நாளும் "தெரிந்தே" என்ற சொல்லுக்குச் சான்று. குரூப்பிலும் இன்றே நீக்கச் சொல்லுங்கள்.

வழக்கு சென்னையில் வரலாம். பதிப்புரிமை வழக்கில், வாதி தான் வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் இடத்திலேயே தொடுக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது. திருநெல்வேலியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் போக வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொண்டு சமரசம் பேசுங்கள். மறுதரப்பைக் கேட்காமலே இடைக்காலத் தடை வாங்கிவிடுவார்கள் என்று தோன்றினால் அந்த நீதிமன்றத்தில் கேவியட் (என்னைக் கேட்காமல் உத்தரவிட வேண்டாம் என்ற முன்மனு) போட்டு வைக்கலாம், 90 நாள் செல்லும். தடையுத்தரவு வந்த பிறகு வேறு பெயரில் சேனல் தொடங்கி அதே நூல்களைப் போட்டால் உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 39 விதி 2-ஏ பாயும்: சொத்து ஜப்தி, 3 மாதம் வரை சிவில் சிறை.

பதில் நோட்டீஸ் எப்படி இருக்க வேண்டும்? 7 நாள் என்பது அவர்கள் வைத்த கெடு, சட்டம் வைத்தது அல்ல. இருந்தாலும் அதற்குள் அனுப்புவது நல்லது. நீக்கிய தேதி, நேரம், எந்தெந்த நூல்கள். இனிப் பதிவிட மாட்டேன் என்ற உறுதி. உரிமை ஆவண நகல்கள் கேட்பது. நாட்டுடைமை நூல்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிலிருந்து விலக்கக் கோருவது. கடைசியில், "என் உரிமைகளுக்கும் வாதங்களுக்கும் பங்கமின்றி" என்ற வாசகம். மன்னிப்புக் கடிதத்தை அவர்கள் தட்டச்சு செய்து கொடுத்தபடி கையெழுத்திட வேண்டாம். "தெரிந்தே குற்றம் செய்தேன்" என்ற ஒரு வரி அதில் இருந்தால் 63ஆம் பிரிவின் வேலை பாதி முடிந்துவிடும். வருத்தம் தெரிவிப்பதற்கும் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் உள்ள தூரத்தை உங்கள் வழக்கறிஞர் வார்த்தைகளில் காப்பாற்ற வேண்டும்.

நாட்டுடைமை நூல்களைக் காட்டி, ஆதாரமற்ற மிரட்டல் என்று 60ஆம் பிரிவில் எதிர்வழக்குப் போடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். 30க்கும் மேற்பட்ட நூல்களில் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.

எஃப்ஐஆருக்கு முன்பே சமரசம் முடிந்தால் மிக நல்லது. பிறகு என்றால், புகார்தாரர் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று ஸ்டேஷனில் சொன்னாலும் வழக்கு மறையாது. இருவரும் ராஜியாகி முடித்துக்கொள்ளும் குற்றங்களின் பட்டியலில் 63 இல்லை. உயர் நீதிமன்றத்தில் 528ஆம் பிரிவில் ரத்து மனு போட்டு, சமரசப் பத்திரத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மனுவுக்கு ஒத்துழைப்பதாக ஒரு ஷரத்து சமரசப் பத்திரத்திலேயே இருக்கட்டும். சிவில், கிரிமினல் இரண்டும் இதோடு முடிகின்றன என்றும், நூல்களின் முழுப் பட்டியலும், தொகை எந்தத் தேதியில் எந்தக் கணக்குக்கு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

வரப்பு மரம்:

சேனலை ‘மின் நூலகம்’ என்று பதிலில் எழுதலாமா என்று யோசிப்பவர்களுக்காக ஒரு குறிப்பு. 52ஆம் பிரிவில் நூலகத்துக்குச் சலுகை உண்டு, ஆனால் மிகக் குறுகியது: தன்னிடம் ஏற்கெனவே அச்சுப் பிரதி உள்ள நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம், இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலுக்கு, பொது நூலகம் 3 பிரதி வரை எடுத்துக்கொள்ளலாம். 4,200 பேருக்கு அனுப்புவது இரண்டிலும் அடங்காது. சொந்த உபயோகத்துக்கான விலக்கும் அப்படித்தான்; தன் புத்தகத்தைத் தான் படிக்க ஸ்கேன் செய்தவரை அது காக்கும், சேனலில் ஏற்றியவரைக் காக்காது.

பார்வையற்ற வாசகர்களுக்காக என்றால் நிலைமை வேறு. மாற்றுத்திறனாளிகள் படிக்கக்கூடிய வடிவத்தில் நூலை மாற்றி, அவர்களோடு மட்டும், லாபமின்றிப் பகிர்வதற்கு 2012 திருத்தம் வழி செய்தது. ஆனால் வெறும் படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைத் திரைவாசிப்பான் படிக்காது. எழுத்தாக மாற்றியிருக்க வேண்டும். உறுப்பினர் சேர்க்கையில் மாற்றுத்திறனாளிகள் மட்டும் என்ற கட்டுப்பாடும் இருக்க வேண்டும். எல்லோருக்கும் திறந்த சேனலுக்கு இந்தக் காரணத்தைப் பின்னால் ஒட்டவைத்தால், உண்மையாகவே அந்தப் பணியைச் செய்பவர்களுக்குத்தான் கெடுதல்.

காகிதக்கப்பல்:

பின் செய்திருந்த யுபிஐ ஐடி, சேனல் பதிவுகள், குரூப்பின் 6 கோப்புகள், டிரைவ் இணைப்பு நான்கும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்த பிறகு நீக்கப்பட்டுவிட்டன. வரலாறு எக்ஸ்போர்ட் செய்து பென்டிரைவில் இருக்கிறது. கிண்டில் கோப்புகள் 9, ஸ்கேன் 29. நாட்டுடைமை நூல்கள் 5, அவற்றில் 2 புதிய முன்னுரையோடு வந்த பதிப்புகள். நாளை வழக்கறிஞரைப் பார்க்கும்போது இந்தப் பட்டியலோடு போகிறோம்.

கோர்ட் வராண்டா:

நோட்டீஸ் வந்த தபால் உறையையும் எடுத்துப் போங்கள். எந்தத் தேதியில் கைக்குக் கிடைத்தது என்பதற்கு அஞ்சல் முத்திரைதான் சான்று. நோட்டீஸ் கிடைத்த எத்தனையாவது நாளில் நீக்கினீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும்.